மூச்சுப் பெட்டி

என் அக்கார்டியனை வேகவைத்தவள் லான்ஜு. அன்பினால்தான் அப்படிச் செய்தாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1963, மார்ச் மாதம். ஷான்சி மலைகளுக்குள் ஓர் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றின் கடைசி வாயைக் கல் கொட்டி அடைக்கும் நாள் நெருங்கிவிட்டது. அந்த நாளின் நண்பகலில் மூவாயிரம் தொழிலாளிகள் முன்னால் ஆடிப்பாட எங்கள் மாவட்டக் கலைக்குழுவை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஒன்பது பேர். பாட்டுக்காரர்கள் நான்கு பேர், ஆட்டக்காரர்கள் மூன்று பேர், குழுத் தலைவர் ரென், அப்புறம் நான். முழுக் குழுவுக்கும் வாத்தியம் என்று இருந்தது என் நெஞ்சில் தொங்கும் பதினொரு கிலோ சிவப்பு அக்கார்டியன் மட்டும்தான். தியான்ஜினில் கற்றுக்கொண்டது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. அந்தப் பெட்டியோடு ஏறாத மலை அந்த மாவட்டத்தில் இல்லை.

கழுதை வண்டியில் குளிரில் விறைத்துப் போய் வந்து சேர்ந்தோம். மற்றவர்களை அணைக்கட்டுக் கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். எனக்கு லான்ஜுவின் வீடு. அவள் கணவனுக்கு அணையில் கல் உடைக்கும் வேலை. சூடான தினைக் கஞ்சியும் காடியில் ஊறிய முள்ளங்கியும் கொடுத்தாள். செங்கல் படுக்கைமேடையின் அடியில் அடுப்புச் சூடு ஓடிக்கொண்டிருந்தது. படுத்ததும் செத்தவள் மாதிரி தூங்கிவிட்டேன்.

மூலையில் குளிர்ந்த தரையில் என் பெட்டி இருந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. விருந்தாளியின் பொருள் குளிரில் கிடக்கலாமா? தூக்கிக்கொண்டு போய் மேடையின் அடுப்போரத்தில், சூடு அதிகமான இடத்தில் வைத்து, மேலே தன் பஞ்சு மெத்தையைப் போர்த்தியிருக்கிறாள். அக்கார்டியனுக்குள் நூற்றுக்கணக்கான சின்ன உலோகத் தகடுகளைத் தேன்மெழுகால் ஒட்டியிருப்பார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

காலையில் வாரை மாட்டித் துருத்தியை இழுத்தேன். பத்துப் பன்றிக்குட்டிகளை ஒரு சாக்கில் போட்டு உலுக்கினால் வரும் சத்தம். உள்ளே எதுவோ கலகலவென்று சரிந்தது. இன்னொரு முறை இழுக்கத் தைரியம் வரவில்லை.

"என்னக்கா, அது இருமுது?" என்றாள் லான்ஜு.

நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ரொட்டிபோல் சூடாக இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

தலைவர் ரென் ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பதற்றம் வந்தால் குரல் கிறீச்சிடும்.

"ஒரே ஒரு வாத்தியம்! அதையும் வாட்டித் தின்னுட்டியா சூச்சின்?"

"தலைவரே, மெழுகு உருகிடுச்சு. தகடுங்க கொட்டிடுச்சு."

"ஒட்டு!"

"மெழுகுக்கு எங்க போறது? அப்புறம் ஒவ்வொண்ணும் அதது எடத்துல உட்காரணும். ஒரு தகடு மாறிப் போனாலும் பாட்டு பாட்டா இருக்காது. இதுக்குத் தியான்ஜின்லதான் ஆள் இருக்கு."

"தியான்ஜின் ரெண்டு நாள் ரயிலு! நாளன்னிக்கு நிகழ்ச்சி!"

அடுப்பங்கரையிலிருந்து லான்ஜு தலையைத் தூக்கினாள். "மெழுகு, தகடுன்னா எங்கண்ணன்கிட்டே கேக்கலாமே? வீடு பூரா அதுதான். அவரு ஷெங் ஊதறவரு."

ரெனின் முகம் சுருங்கியது. "யாரு, அந்தக் கல்யாணம் கருமாதிக்கு ஊதற ஆளா? மன்குய்யா?"

"ஆமா. நீங்க செத்தாலும் அவருதான் ஊதணும்," என்றாள் லான்ஜு. குற்றம் செய்தவளுக்கு வந்த கோபம் அது. ரென் ஆள் அனுப்பினார்.

மன்குய் ஒரு மணி நேரத்தில் வந்தார். நாற்பது வயசிருக்கும். உயரம், ஒல்லி, விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. ஷெங்கின் நாக்குகளில் பச்சைக்கல்லை அரைத்துப் பூசுவார்கள், அந்தக் கறை. தோளில் துணிப்பைக்குள் அவருடைய ஷெங். கிண்ணம் போன்ற அடிப்பகுதி, அதிலிருந்து பறவை இறக்கையை மடித்த மாதிரி எழும் பதினேழு மூங்கில் குழாய்கள், பக்கத்தில் ஊதுவதற்கு ஒரு மூக்கு. வாசற்படி ஏறியவர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுதான் அந்த வெளிநாட்டு மாப்பிள்ளையா?" என்று என் பெட்டியைச் சுற்றி வந்தார். "வாயில ஊதாம வாசிக்கற வாத்தியம். சோம்பேறிங்களுக்குச் செஞ்சதோ தங்கச்சி?"

"பதினொரு கிலோ அண்ணே. மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நில்லுங்க, சோம்பேறி யாருன்னு தெரியும்."

சிரித்தார். "சரி, தொற. வயித்துல என்ன இருக்குன்னு பாப்போம்."

பக்கவாட்டு ஆணிகளை ஒவ்வொன்றாக உருவி, துருத்தியிலிருந்து வலது பக்கத்தைப் பிரித்தேன். மெழுகு வாசனை அறையில் பரவியது. தகடுகளைத் தாங்கும் மரக்கட்டைகளின் வரிசைகள் பாதி காலியாகப் பல்லிளித்தன. கீழே மெழுகுச் சேற்றில் தகடுகள் குவிந்து கிடந்தன. அவர் குனிந்து ஒன்றை எடுத்து, மெழுகை நகத்தால் சுரண்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

விரல் நீளத் தகடு. நீளவாக்கில் இரண்டு துளைகள். ஒரு துளைக்கு மேல் ஒரு முனை அடித்துப் பொருத்திய, மறுமுனை சும்மா இருக்கும் மெல்லிய எஃகு நாக்கு.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையை அவிழ்த்துத் தன் ஷெங்கை எடுத்தார். ஒரு குழாயைக் கிண்ணத்திலிருந்து முறுக்கி உருவினார். அதன் அடியில், மெழுகால் ஒட்டிய, அரிசி அளவு வெண்கலத் தகடு. நடுவில் வெட்டப்பட்ட ஒரு நாக்கு. ஒரு முனை பிடித்திருக்கிறது, மறுமுனை சும்மா இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பதினாறு வருடமாக அந்தப் பெட்டியை வாசிக்கிறேன். ஷெங்கும் கேட்டு வளர்ந்தவள்தான். ஒன்றைத் திறந்து மற்றதோடு வைத்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றியதில்லை.

"இது எங்க வீட்டுப் பொண்ணு," என்றார் மன்குய், மெல்ல. "மூக்கைப் பாரு. எங்க வீட்டு மூக்கு."

அப்போதுதான் தியான்ஜினில் என் வாத்தியார் எப்போதோ சொன்னது நினைவு வந்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஷெங்கைக் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்களாம். அங்கிருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் இப்படி ஆடும் நாக்கை வைத்துப் புதிய பெட்டிகள் செய்யத் தொடங்கினார்களாம். துருத்தி வைத்தார்கள், பொத்தான் வைத்தார்கள், பிறகு பியானோக் கட்டைகள் வைத்தார்கள். மாலுமிகள் கடல் தாண்டிக் கொண்டு போனார்கள். சுரங்கக்காரர்கள், குடியானவர்கள், பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் நெஞ்சில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது அதைத் தேர்வுக்குப் படிக்கிற பாடமாகக் கேட்டிருந்தேன். இப்போது அது இரண்டு தகடுகளாக லான்ஜுவின் சோற்று மேசையில் கிடந்தது.

சொன்னேன். மன்குய் வாய் திறந்து கேட்டார்.

"அப்போ மூத்த பொண்ணைத் தூரதேசத்துல கட்டிக் குடுத்திருக்கோம்," என்றார். "இப்போ பேத்தி வந்திருக்கா, ரயிலேறி. பாஷை தெரியாது. இவளைப் போய் அடுப்புல வச்சியே லான்ஜு!"

லான்ஜு முதல் முறையாகச் சிரித்தாள்.

"அந்த ஊருங்கள்ல சாவுக்கும் இதை வாசிப்பாங்களா?" என்று கேட்டார்.

"வாசிப்பாங்க அண்ணே. சாவுக்கும், கல்யாணத்துக்கும், குடிச்சுட்டு ஆடறதுக்கும்."

"அப்போ நல்ல ஜனங்கதான்."

வேலையை ஆரம்பித்தோம். கொட்டிக் கிடந்தவை எழுபத்து மூன்று தகடுகள். சிலவற்றில் சுரம் பொறித்த எழுத்து இருந்தது, பலவற்றில் தேய்ந்து போயிருந்தது. மன்குய் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதப் போனார். நான் கத்தியே விட்டேன்.

"ஊதாதீங்க! எச்சில் பட்டா துருப்பிடிச்சுடும்!"

"துருவா? நாக்கை எதுக்கு இரும்புல செய்யறாங்க, அறிவில்லாதவங்க? எங்களுது வெண்கலம். நாப்பது வருஷம் எச்சில்ல ஊறியும் கெடாது."

"எங்களுக்கு வாயே தேவையில்லையே அண்ணே."

"அதுவும் சரிதான்."

ஊதாமல் நகத்தால் தட்டினார். காதருகே வைத்து ஒரு தட்டு. 'ஷாங்' என்பார். 'கோங்' என்பார். அவருடைய தொழிலில் சுரங்களுக்கு அவைதான் பெயர். நான் எங்கள் சுர எண்களில் ஒன்று, மூன்று, ஐந்து என்று சொல்லி மேசையில் வரிசையாக அடுக்கினேன். எழுத்துத் தேயாத தகடு வரும்போது அவர் சொன்னதைச் சரிபார்ப்பேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு நாக்குகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒவ்வொன்றின் முதுகிலும் மெல்லிய தோல் பட்டை. அது எதற்கு என்று கேட்டார்.

"துருத்தியை இழுக்கும்போது ஒரு நாக்கு பேசும், தள்ளும்போது இன்னொண்ணு பேசும். பேசாத நாக்கு வழியா காத்து வீணாகாம இருக்கத்தான் தோலு."

"ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி வாயைப் பொத்தறதுக்கா? இதை யாராவது எங்க வீட்டுக்குச் செஞ்சு குடுத்தா தேவலை."

பிறகு தன் ஷெங்கை எடுத்து மெல்ல ஊதினார். அதே குழாயில், அதே துளையை மூடியபடி, மூச்சை உள்ளே இழுத்தார். அதே சுரம். எங்கே மூச்சு திரும்பியது என்றே தெரியவில்லை.

"ஒரே நாக்கு," என்றார். "போறப்பவும் பேசும், வர்றப்பவும் பேசும்."

என் பெட்டியில் அதற்கு இரண்டு நாக்கு வேண்டும், இரண்டு தோல் வேண்டும். அவருடைய சின்ன வெண்கலம் தனியாகச் செய்துவிடுகிறது. என்னை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்கவைத்தது அது. மூன்றாவது தடவையில் அவர் சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பி இருமினார். வெகுநேரம் இருமினார். லான்ஜு சுடுநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாள்.

தேன்மெழுகு அவரிடம் இருந்தது. பைன் பிசின் கொஞ்சம் சேர்த்தால் இறுகும் என்றேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. சின்னக் கரண்டியில் உருக்கி, நூல் போல வார்த்து, ஒவ்வொரு தகட்டின் நாலு ஓரத்தையும் அடைத்தார். பொழுது சாய்வதற்குள் அறுபது முடிந்தது.

மறுநாள் காலையில் ஒரு வம்பு. இரண்டு வரிசைகளில் ஒரே சுரத்துக்கான தகடுகளைத் தட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இது சரியில்லை. ரெண்டும் ஒரே சுரம்கறே, ஆனா ஒண்ணு ஒரு முடி அளவு ஏறியிருக்கு. கொஞ்சம் சுரண்டிடறேன்."

"தொடாதீங்க அண்ணே! வேணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க."

"வேணும்னு யாராவது சுருதியைக் கெடுப்பாங்களா?"

கட்டைகளைப் பொருத்தி, பெட்டியை மூடி, ஒரே ஒரு சுரத்தை வாசித்தேன். அந்த இரண்டு நாக்குகளும் சேர்ந்து பேசின. வெயில் பட்ட தண்ணீர் மாதிரி அந்த ஒலி மினுமினுத்தது. ஒன்றை ஒன்று துரத்தி, தொட்டு, விலகி, மறுபடி தொட்டது.

மன்குய் எழுந்து நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான் திருத்திக் கெடுத்திருப்பேன்," என்றார்.

ஒரே ஒரு நாக்கு மட்டும் நடுவில் விரிசல் விட்டிருந்தது. நடு இடத்தில், எல்லாப் பாட்டிலும் வரும் ஆறாம் சுரம். மாற்று எஃகு கிடையாது. மன்குய் வீட்டுக்குப் போய் உடைந்த பழைய தாளத் தட்டு ஒன்றின் சில்லைக் கொண்டுவந்தார். ஷெங்கின் நாக்குக்கு அதைவிட நல்ல உலோகம் இல்லை என்றார். வெட்டி, சுத்தியலால் தட்டி, அரத்தால் ராவி, என் தகட்டில் பொருத்தினார். சுரம் கீழே போனது. நுனியை ராவினார், மேலே ஏறியது. ரொம்ப ஏறிவிட்டது. புதிதாக வெட்டினார். பதினோராவது நாக்கு சரியாக வந்தது. அதன் குரல் மற்ற எஃகுகளைவிடக் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் சூடாக இருந்தது.

மதியம் முற்றத்தில் வைத்துப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தேன். துள்ளி ஓடும் போல்கா ஒன்று. லான்ஜுவின் கோழிகள் சிதறின. பாரிஸ் தெருக்களில் சுழலும் வால்ட்ஸ். பனிக்காட்டில் நடப்பது போன்ற ருஷ்யப் பாட்டு. தலைவர் ரென் அந்தப் பக்கம் இல்லாததால், மேலிடத்துக்குப் பிடிக்காத பழைய நடனக்கூடங்களின் டாங்கோவும் கொஞ்சம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். அக்கார்டியன் வாசிப்பவர்களுக்குத்தான் தெரியும்: அந்த ஒலி காதுக்கு வருமுன் நெஞ்செலும்புக்கு வந்துவிடும். பெட்டி மூச்சு விட, நம் மூச்சும் அதோடு சேர்ந்து போகும். கொஞ்ச நேரத்தில் யார் யாரை வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அன்று அந்தச் சந்தோஷம் எனக்குத் தாங்க முடியாமல் வந்தது. செத்த பெட்டி எழுந்துவிட்டதல்லவா?

"மாட்டிப் பாக்கிறீங்களா?" என்று மன்குய்யிடம் கேட்டேன்.

வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். வாரை இறுக்கிவிட்டேன். இடது பக்கப் பொத்தான்களை விட்டுவிட்டு வலது கையால் கட்டைகளைத் தேடினார். முதலில் தடுமாற்றம். பிறகு ஒரு மெட்டு பிடிபட்டது. சவ ஊர்வலத்தில் கிராமத்து எல்லை வரை ஊதும் மெட்டு, மிக மெதுவானது. அதன் முதல் அடி நீண்டுகொண்டே போகும். ஊதுபவர்கள் நடுவில் இரண்டு இடத்தில் மூச்சைத் திருட வேண்டும். அவர் திருடவில்லை. இழுத்தார், இழுத்தார், அடி முடியும்வரை அந்தச் சுரத்தை விடவில்லை.

முடிந்ததும் அப்படியே நின்றார். கண்ணிலிருந்து நீர் தாடையில் இறங்கி என் பெட்டியின் மேல் விழுந்தது.

"அண்ணே, துருப்பிடிக்கும்," என்றேன்.

லான்ஜுதான் என்னிடம் சமையலறையில் சொன்னாள். அவர் அணைக்காக மூன்று குளிர்காலம் மலைச் சுரங்கத்தில் துளை போட்டிருக்கிறார். கல் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இரண்டு வருடமாக முழு அடி ஊத முடியவில்லை. மேளக்குழுவில் அவருக்குத் தாளம் கொடுத்துவிட்டார்கள். ஷெங்கைச் செய்து தருகிறார், சுருதி சேர்த்துத் தருகிறார், ஊதுவது மற்றவர்கள். "வீட்டுல யாரும் இல்லாதப்போ மட்டும் ஊதுவாரு, ரெண்டு மூச்சு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பேசமாட்டாரு."

மூன்றாம் நாள் நண்பகல். ஆற்றின் இரு கரையிலிருந்தும் தொழிலாளிகள் கல் கொட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் மிச்சமிருந்த பத்தடி வாயில் தண்ணீர் காட்டு மிருகம் மாதிரி சீறியது. கடைசிக் கல் விழுந்து, சீற்றம் அடங்கி, ஆறு ஒரு கணம் தயங்கிப் பின்வாங்கியதைப் பார்த்தேன். மூவாயிரம் பேர் ஒருவரும் கத்தவில்லை. தாங்கள் செய்ததைத் தாங்களே நம்பமுடியாமல் நின்றார்கள். ரென் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். துருத்தியை முழுக்க விரித்து அணிவகுப்புப் பாட்டின் முதல் சுரங்களை விட்டேன். ஒலிபெருக்கி இல்லை. பள்ளத்தாக்கின் இரு சுவர்களும் அதை வாங்கிக்கொண்டு, இரட்டிப்பாக்கித் திருப்பிக் கொடுத்தன. அப்போதுதான் கூட்டம் கத்தியது.

பாடினோம், ஆடினோம். முடியும் தறுவாயில் பின்னாலிருந்து ஒரு குரல்: "மன்குய்யைக் கூப்பிடுங்கப்பா!" அப்புறம் பத்துக் குரல், நூறு குரல்.

"அணை விழாவுல சாவு மேளக்காரனா?" ரென் என் காதில் கிறீச்சிட்டார். "மேலதிகாரிங்க உட்கார்ந்திருக்காங்க!"

மேடையோரத்தில் நின்ற ஒரு கல் உடைப்பவன் அதைக் கேட்டுவிட்டான். "தலைவரே, நீங்க நிக்கறீங்களே, இந்த மலைக்குள்ள மொத துளை போட்டவரு அவரு. உங்க மேலதிகாரி போட்டாரா?"

ரென் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர் என்று சொன்னேனே. தானே இறங்கிப் போய் மன்குய்யின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்.

மன்குய் ஷெங்கை எடுத்தார். மூவாயிரம் பேர் முன்னால் மூச்சு நின்றுவிட்டால்? அவர் என் பக்கம் திரும்பி, "கல்யாண மெட்டு. உனக்குத் தெரிஞ்சது," என்றார். முந்தைய நாள் முற்றத்தில் முணுமுணுத்துக் காட்டியிருந்தார்.

ஊத ஆரம்பித்தார். ஷெங் தனியாகப் பேசுவதில்லை. ஒவ்வொரு சுரமும் துணைச் சுரங்களோடு, கூட்டமாகத்தான் எழும். காலை வெளிச்சம் மாதிரி அது விரிந்தது. நான் கீழே மெதுவாக அடிச்சுரம் போட்டேன். முதல் அடியின் பாதியில் அவர் தோள் எழும்பியது. மூச்சு முடியப் போகிறது. அவர் விரல் இருந்த சுரத்தை என் வலது கை பிடித்துக்கொண்டது. யோசித்துச் செய்யவில்லை. துருத்தியை மிக மெல்லத் திறந்து, அவர் ஒலி தேயத் தேய என் ஒலியை ஏற்றினேன். அவர் நின்றார். சுரம் நிற்கவில்லை. அவர் மூச்சு வாங்கி மறுபடி நுழைந்தார், நான் விலகிக்கொண்டேன். அடுத்த அடியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மூன்றாம் அடியில் அவருக்குப் பயம் போய்விட்டது. மூச்சை இருக்கும் மட்டும் தாராளமாகச் செலவழித்தார். இல்லாதபோது சும்மா நின்றார், விரல்களை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு. எது வெண்கலம், எது எஃகு என்று என் காதுக்கே தெரியவில்லை. ஒரே ரத்தம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல.

முடிந்த பிறகு கூட்டம் செய்த சத்தம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மன்குய் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மூச்சு எங்க நின்னுச்சுன்னு எனக்கே தெரியலை தங்கச்சி," என்றார்.

மறுநாள் நாங்கள் கிளம்பிவிட்டோம். பெட்டி குழுவுடையது, அவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. கிளம்பும்போது அவர் எதுவும் கேட்கவில்லை. துருத்தியின் மடிப்புகளைப் பற்றி மட்டும் கேட்டார். அட்டையா, துணியா, மூலைக்கு என்ன தோல். சொன்னேன்.

அடுத்த வருடம் அக்டோபரில் வேறோர் ஊருக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தேன். அணையைத் தாண்டி ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். மேட்டுக்கு அப்பாலிருந்து ஓர் ஒலி வந்தது. முதலில் அக்கார்டியன் என்று நினைத்தேன். அந்த மாவட்டத்தில் இருந்த ஒரே அக்கார்டியன் என் மடியில் இருந்தது. அப்புறம் ஷெங் என்று நினைத்தேன். ஆனால் மனுஷ மூச்சு அவ்வளவு நேரம் நிற்காது. லாரியிலிருந்து குதித்து மேட்டில் ஏறி ஓடினேன்.

ஒரு கல்யாண வீடு. சிவப்புத் துணி, ஆவி பறக்கும் மாவுப் பலகாரப் பாத்திரங்கள், மேளக்காரர்கள். அவர்கள் நடுவில் மேசைக்குப் பின்னால் மன்குய் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் சவப்பெட்டிப் பலகையில் செய்த ஒரு பெட்டி. அதில் விரலால் அழுத்த முப்பது நாற்பது மரக்கட்டைகள், ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையால் வெட்டிய வெண்கல நாக்கு. பெட்டியிலிருந்து ஒரு தோல் குழாய் தரைக்கு இறங்கி, அடுப்பு ஊதும் காற்றுப்பெட்டியில் சேர்ந்தது. எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் எல்லாம் இருக்கும் அதே காற்றுப்பெட்டி. கைப்பிடியை இழுத்தாலும் காற்று, தள்ளினாலும் காற்று. லான்ஜு ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மன்குய் இன்னும் மெலிந்திருந்தார். கன்னம் குழிந்திருந்தது. என்னைப் பார்த்தும் வாசிப்பை நிறுத்தவில்லை. கையிரண்டும் ஓட, வாய் சும்மா இருந்ததால், பேசினார்.

"வாசிச்சுக்கிட்டே பேசலாம் தங்கச்சி! ஷெங் ஊதறவன் எவனுக்காவது இந்தப் பாக்கியம் உண்டா?"

"அக்கா, இவரு பேசறதைக் கேக்காதீங்க," என்றாள் லான்ஜு, மூச்சிரைக்க. "காலையிலேருந்து ஒரு வாய் சோறு தின்னலை நானு. கல்யாணம் முடிஞ்சா என் கை முடிஞ்சுது."

"போய்ச் சாப்பிடு. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பதினேழு வருடமாகக் காற்றும் விரலும் இரண்டும் என்னுடையதாகவே இருந்து பழகியவள். இப்போது காற்று மட்டும் என்னுடையது. கைப்பிடியை இழுத்தேன்; தோல் குழாய் புடைத்தது; மேலே, என் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்குள், நாக்குகள் பேசின. அவர் எந்தச் சுரத்தைத் தொடுகிறார் என்பது கைப்பிடியின் கனத்திலேயே தெரிந்தது. தாழ்ந்த சுரம் வந்தால் காற்றை அள்ளிக் குடித்தது. உயர்ந்த சுரம் வந்தால் கொஞ்சமாக உறிஞ்சியது. நீண்ட அடி வருகிறது என்று தெரிந்து நிதானமாகத் தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றார் மன்குய், திரும்பாமலே.

மெதுவாகத் தள்ளினேன். கீழே லாரி ஒலி எழுப்பியது. மணப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.